கேம் விலை இறங்கும் கணக்கு: எதற்குப் பொறுக்கலாம், எதை உடனே வாங்கலாம்

2024 பிப்ரவரியில் ‘சூசைட் ஸ்குவாட்: கில் த ஜஸ்டிஸ் லீக்’ 70 டாலருக்கு வந்தது. 2025 ஜனவரியில் பிளேஸ்டேஷனின் பிஎஸ் பிளஸ் சந்தா வைத்திருந்தவர்களுக்கு அதே கேம் மாத கேமாகச் சும்மாவே கிடைத்தது. ‘ஃபாக்டோரியோ’ 2016-ல் ஸ்டீம் என்ற பிசி கேம் இணையக் கடைக்கு வந்தபோது 20 டாலர். 2018-ல் 30 ஆனது, 2023 ஜனவரியில் 35 ஆனது. இத்தனை ஆண்டில் ஒருநாள்கூட அதற்குத் தள்ளுபடி வந்ததில்லை. இனியும் வராது என்று அதை உருவாக்கியவர்களே சொல்லிவிட்டார்கள்.

முதல் கேமை வெளியான அன்றே வாங்கியவருக்கு நஷ்டம். இரண்டாவதைத் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தவருக்கும் நஷ்டம். பழசானால் விலை இறங்கும் என்பது பாதி உண்மைதான். எவ்வளவு வேகமாக, எந்த இடம் வரை இறங்கும் என்பதைக் கேமின் வயதைவிட அதை விற்பவரின் பழக்கம்தான் தீர்மானிக்கிறது. அந்தப் பழக்கம் விலை வரலாற்றில் அப்படியே பதிந்திருக்கும். எடுத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

முதலில் இது எந்த வகை கேம்?

பெரிய நிறுவனங்களின் கதை சார்ந்த கேம்கள் படிக்கட்டு மாதிரி இறங்கும். முதல் இரண்டு மூன்று மாதம் முழு விலை. ஆறு மாதத்துக்குள் 20 முதல் 33 சதவீதம். ஓராண்டு சுமாருக்கு 50. இரண்டு ஆண்டில் 60, 66. மூன்று நான்கு ஆண்டில் 75, 80. இது பொதுவான போக்கு. நிறுவனத்தைப் பொறுத்து வேகம் மாறும். யூபிசாஃப்ட் கேம்கள் படபடவென்று இறங்கும், ஓராண்டுக்கு முன்பே பாதி விலை என்பது அங்கே சாதாரணம். ஃப்ரம்சாஃப்ட்வேர் கேம்கள் மிக மெதுவாகத்தான் இறங்கும். 2023 ஆகஸ்டில் முழு வடிவில் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ ஓராண்டு கழித்தும் 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. நல்ல பெயர் எடுத்து, வாய்வழியாகவே விற்றுக்கொண்டிருக்கும் கேமின் விலையைக் குறைக்க யாருக்கும் அவசரம் இருக்காது. ஆக்டிவிஷன் இன்னொரு ரகம்: 2012-ல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 2’ பத்தாண்டு தாண்டியும் ஸ்டீமில் 60 டாலர் பட்டியல் விலையிலேயே இருந்தது. எப்போதாவது பாதி விலைக்கு வரும், மறுபடி ஏறிவிடும்.

ஆண்டுதோறும் வரும் விளையாட்டு கேம்களில் கணக்கு இன்னும் சுலபம். இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி செப்டம்பர் கடைசியில் வரும். நவம்பர் கடைசி பிளாக் ஃபிரைடேயிலேயே பாதி விலைக்கு அருகே வந்துவிடும். அடுத்த பதிப்பு நெருங்க நெருங்க மதிப்பு கரைந்துகொண்டே போகும்; எஃப்சி 24, வெளியாகி ஏழு மாதத்தில், 2024 மே மாதம் பிஎஸ் பிளஸ் மாத கேமாகவே வந்தது. ஆனால் அல்டிமேட் டீம் (ஆன்லைனில் அணி சேர்த்து மற்றவர்களோடு மோதும் பகுதி) ஆடுபவர் மே மாதம் வரை பொறுத்தால் வாங்குவதில் அர்த்தமே இல்லை. அந்தப் பருவமே முடியப்போகிறது. தனியாக ஆடும் கேரியர் மோட் மட்டும் ஆடுபவர் தாராளமாகப் பொறுக்கலாம்.

ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் கேம்களில் விலையோடு ஆட்களும் இறங்குவார்கள். கூட்டம் இல்லாத கேமை 80 சதவீதத் தள்ளுபடியில் வாங்கி லாபி நிரம்பக் காத்திருப்பது வீண். ‘கான்கார்ட்’ 2024 ஆகஸ்ட் 23-ல் 40 டாலருக்கு வந்தது, இரண்டே வாரத்தில் சர்வரை மூடிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுபக்கம், நன்றாக ஓடும் கேம்களே இலவசமாக மாறுவதும் உண்டு: ‘சிஎஸ்: கோ’ 2018 டிசம்பரில், ‘ராக்கெட் லீக்’ 2020 செப்டம்பரில், ‘பப்ஜி’ 2022 ஜனவரியில், ‘ஃபால் கைஸ்’ அதே ஆண்டு ஜூனில். ஆகவே இந்த வகையில் விலையைப் பார்ப்பதற்கு முன் ஸ்டீம்டிபி தளத்தில் ஆடுவோர் எண்ணிக்கை வரைபடத்தைப் பாருங்கள். உங்கள் நண்பர்கள் இப்போது ஆடுகிறார்கள் என்றால் இப்போதே வாங்குங்கள்.

நிண்டெண்டோவின் சொந்தக் கேம்கள் இறங்காது. 2017 மார்ச்சில் வந்த ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ பல ஆண்டு கழித்தும் அதே 60 டாலர்தான்; நிண்டெண்டோவின் இணையக் கடையான இ-ஷாப்பில் தள்ளுபடி வந்தாலும் 30 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அந்த 30 வந்தால் வாங்கிவிடுங்கள். 50 வரும் என்று காத்திருப்பவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

கடைசியாகச் சிறிய குழுக்களின் கேம்கள், குறிப்பாக ஏர்லி ஆக்சஸில், அதாவது முழுமையாகத் தயாராகும் முன்பே விற்பவை. இங்கே விலை தலைகீழாக ஓடும். ‘மைன்கிராஃப்ட்’ ஆல்ஃபாவில் 9.95 யூரோ, பீட்டாவில் 14.95, முழு வெளியீட்டில் 19.95. ‘ஹேடீஸ்’ ஏர்லி ஆக்சஸில் 20 டாலர், 2020 செப்டம்பரில் 1.0 வந்தபோது 25. கேம் வளர வளர விலையும் வளரும் என்று பல குழுக்கள் ஸ்டோர் பக்கத்திலேயே எழுதிவைத்திருப்பார்கள். ஏர்லி ஆக்சஸ் பகுதியில், முழு வெளியீட்டுக்குப் பின் விலை மாறுமா என்ற கேள்விக்கு அவர்கள் தந்திருக்கும் பதிலைப் படியுங்கள். ஏறும் என்று எழுதியிருந்தால், அதோடு கேம் இப்போதே ஆடும் நிலையில் இருந்தால், பொறுப்பதில் லாபமில்லை.

விலை வரைபடத்தை வாசிப்பது

பிசி கேம் என்றால் ஸ்டீம்டிபியில் கேமின் பெயரைத் தேடி விலைப் பகுதியைத் திறங்கள். நாணயப் பட்டியலில் இந்திய ரூபாயைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் டாலர் கோட்டைப் பார்த்துத் தவறாகக் கணக்குப் போடுவீர்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு ஸ்டீம் ரூபாயில் விற்பதில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் ஆகியவற்றோடு சேர்த்துத் தெற்காசியாவுக்கென்று தனி டாலர் விலை வைத்திருக்கிறது. அது அமெரிக்க டாலர் விலையைவிடப் பல கேம்களுக்குக் குறைவு, ஆகவே அந்த வரிசையைத்தான் பார்க்க வேண்டும். கார்டில் டாலர் மாற்றும்போது வங்கி எடுக்கும் கட்டணத்தை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் நான்கு விஷயம் பாருங்கள். ஒன்று, பட்டியல் விலை எப்போதாவது மாறியிருக்கிறதா. இரண்டு, முதல் தள்ளுபடி வெளியாகி எத்தனை மாதத்தில் வந்தது. மூன்று, இதுவரை வந்த மிகக் குறைந்த விலை எது, அது எத்தனை முறை வந்திருக்கிறது. நான்கு, கடைசித் தள்ளுபடி எப்போது முடிந்தது.

‘விட்சர் 3’ வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். 2015 மே மாதம் 60 டாலர். பின்னால் பட்டியல் விலையே 40 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கப்புறம் சேலுக்குச் சேல் 70, 80 சதவீதம் என்று ஆழமாகி, 80 சதவீதத்தில், அதாவது ஏறத்தாழ 8 டாலரில், ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து நின்றது. பின்பு 90 சதவீதம் வந்து 4 டாலர் ஆனது. இதில் கற்க வேண்டியது 4 டாலர் என்ற எண் அல்ல. ஒரே அடிவிலை மூன்று நான்கு சேல்களில் வரிசையாக வந்துவிட்டால் அதுதான் அந்தக் கேமின் இப்போதைய தரைத்தளம். அடுத்த படி இறங்கப் பல ஆண்டு ஆகலாம். அந்தத் தரை தெரிந்ததும் வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

ஏன் என்று ரூபாயில் பாருங்கள். 3,000 ரூபாய் கேம் 50 சதவீதத்தில் 1,500. 66-ல் 1,020. 75-ல் 750. 80-ல் 600. பாதி விலையிலிருந்து 66-க்குப் போகும்போது 480 ரூபாய் மிச்சம். அடுத்த படியில் 270. அதற்கடுத்த படியில் வெறும் 150. படி இறங்க இறங்க மிச்சம் சுருங்குகிறது, காத்திருக்கும் காலமோ நீள்கிறது. 75-ஐத் தொட்ட பிறகும் பொறுப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: அந்தக் கேமை இப்போதைக்கு நீங்கள் ஆடப்போவதில்லை. அப்படியென்றால் 75-லும் வாங்காதீர்கள்.

சதவீதத்தை நம்பாதீர்கள்

ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் சேலையின் விலைச்சீட்டு மாறுவது நமக்குத் தெரியாததல்ல. கேம்களில் அது அவ்வளவு பச்சையாக நடக்க முடியாது. பட்டியல் விலையை ஏற்றினால் அடுத்த சுமார் 30 நாளுக்குத் தள்ளுபடி போடக்கூடாது என்று ஸ்டீம் விதி வைத்திருக்கிறது. ஆனால் ஆறு மாதம் முன்பே ஏற்றிவிட்டால் யார் கேட்பது?

ரூபாயில் இது அடிக்கடி நடக்கும். 2015 நவம்பரில் ஸ்டீம் ரூபாய் விலைகளைக் கொண்டுவந்தபோது பல கேம்கள் டாலர் விலையைவிட மிகவும் மலிவாக இருந்தன. 2022 அக்டோபரில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் நாடுவாரியான பரிந்துரை விலைகளைத் திருத்தியது. பல நிறுவனங்கள் அந்தச் சாக்கில் பழைய கேம்களுக்கும் சேர்த்து விலை ஏற்றின. விளைவு இப்படி இருக்கும்: முன்பு 1,499 ரூபாயாக இருந்த கேம் 50 சதவீதத்தில் 750-க்கு வந்தது. இப்போது 2,499 ஆகி, 66 சதவீதத்தில் 850-க்கு வருகிறது. பச்சைப் பட்டையில் 66 என்று பெரிதாகத் தெரியும், கையிலிருந்து போவது நூறு ரூபாய் அதிகம். எனவே இலக்கைச் சதவீதமாக வைக்காமல் ரூபாயாக வையுங்கள். பட்டியல் விலை ஏறுவதற்கு முந்தைய அடிவிலை திரும்ப வரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஏறிய பிறகு வந்த அடிவிலைதான் கணக்கு.

இலக்கை எழுதிவைக்க இஸ்-தேர்-எனி-டீல் தளம் வசதி. கணக்குத் தொடங்கி நாட்டை இந்தியா என்று மாற்றி, ஸ்டீம் விஷ்லிஸ்ட்டை (வாங்க நினைக்கும் கேம்களின் பட்டியல்) அதில் இறக்குமதி செய்து, ஒவ்வொரு கேமுக்கும் எவ்வளவுக்குக் கீழ் வந்தால் மெயில் அனுப்ப வேண்டும் என்று எண் கொடுக்கலாம். அதில் காட்டும் ‘வரலாற்று அடிவிலை’ எந்தக் கடையில் வந்தது என்பதையும் பாருங்கள். நீங்கள் வாங்கவே போகாத கடையில் ஒரு வாரம் மட்டும் வந்த விலையாக அது இருக்கலாம். ஸ்டீம் விஷ்லிஸ்ட் மட்டும் போதும் என்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 20 சதவீதமும் அதற்கு மேலும் தள்ளுபடி வந்தால்தான் ஸ்டீம் மெயில் அனுப்பும். சின்னக் குழுக்கள் பல 20-லேயே தொடங்குவதற்கும் காரணம் இதுதான். 10, 15 என்று வரும் தள்ளுபடி உங்களுக்குத் தெரியாமலே வந்து போய்விடும்.

பிளேஸ்டேஷனுக்கு பிஎஸ் டீல்ஸ், நிண்டெண்டோவுக்கு டெக்கு டீல்ஸ் இதே வேலையைச் செய்யும்.

எந்த மாதம்

ஸ்டீமில் பெரிய சேல் ஆண்டுக்கு நான்கு: மார்ச்சில் வசந்தகாலம், ஜூன் கடைசியில் கோடை, இலையுதிர்காலம், டிசம்பர் மூன்றாம் வாரம் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை குளிர்காலம். இலையுதிர்கால சேல் முன்பெல்லாம் நவம்பர் கடைசியில் வந்துகொண்டிருந்தது; 2025-ல் செப்டம்பர் 29-க்கு நகர்த்தினார்கள். பழைய நினைவில் நவம்பருக்குக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். தேதிகளை வால்வ் பல மாதம் முன்பே வெளியிடுகிறது, ஒருமுறை பார்த்துக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தொடங்கும் நேரம் கோடையில் நமக்கு இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. அந்த முதல் ஒரு மணி நேரம் ஸ்டோர் திணறும். போய் முட்டிமோத வேண்டியதில்லை. சரக்கு தீரப்போவதில்லை. சில மணி நேரமே நீடிக்கும் ஃபிளாஷ் டீல்களை 2015-லேயே நிறுத்திவிட்டார்கள், முதல் நாள் விலைதான் பெரும்பாலும் கடைசி நாள் விலையும்.

புதுக் கேம்களுக்கு ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். வெளியீட்டுத் தள்ளுபடி என்று முதல் வாரம் 10, 15 சதவீதம் குறைத்தால், அது முடிந்து சுமார் 30 நாள் வரை மறுபடி குறைக்க முடியாது. அந்த இடைவெளியில் பெரிய சேல் வந்தாலும் கலந்துகொள்ள முடியாது. ஆகவே மே கடைசியிலோ ஜூனிலோ வெளியாகும் சின்னக் கேம் கோடை சேலைத் தவறவிட்டுவிடும். அப்படிப்பட்ட கேமை இந்த ஆண்டே ஆட ஆசையென்றால் வெளியீட்டுத் தள்ளுபடியிலேயே வாங்கலாம், அடுத்த நல்ல வாய்ப்புக்குச் சில மாதம் ஆகும், அப்போதும் 20 சதவீதம்தான் வரும். பழைய கேம்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சாதாரணத் தள்ளுபடிகளுக்கு இடையேதான் 30 நாள் இடைவெளி வேண்டும். பெரிய சேல்களுக்கு அதில் விலக்கு.

பிளேஸ்டேஷன் ஸ்டோரில் சேல் பட்டியல் பெரும்பாலும் புதன்கிழமைகளில் மாறும். மே கடைசி, ஜூன் வாக்கில் வரும் டேஸ் ஆஃப் பிளே, நவம்பர் பிளாக் ஃபிரைடே, ஆண்டிறுதி சேல் மூன்றும்தான் கனமானவை. இந்தியாவில் டிஸ்க் வாங்குபவர்களுக்கு டேஸ் ஆஃப் பிளேயும் தீபாவளிச் சீசனும்.

காலண்டரில் இல்லாத இன்னொரு தருணமும் உண்டு. அடுத்த பாகமோ பெரிய டிஎல்சியோ (கேமுக்குத் தனியே விற்கும் கூடுதல் பகுதி) வரும் வாரத்தில் பழைய கேமின் விலையை நன்றாக இறக்கிவிடுவார்கள். புதியதை முழு விலைக்கு விற்கப் பழையது தூண்டில்.

முழுத் தொகுப்பு வரும்வரை

டிஎல்சி திட்டம் அறிவித்த கேமை வாங்கும்போது இரண்டு விலையைக் கூட்டிப் பாருங்கள். ‘விட்சர் 3’ முழுத் தொகுப்பு 2016 ஆகஸ்டில், அதாவது வெளியாகி 15 மாதத்தில் வந்தது. ‘ஹொரைசன் ஜீரோ டான்’ பத்தே மாதத்தில். ‘சைபர்பங்க் 2077’ மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டது. தொகுப்பு வந்து ஒன்றிரண்டு சேல் போனதும், அடிப்படைக் கேமையும் டிஎல்சியையும் தனித்தனியே வாங்குவதைவிட அது மலிவாக இருக்கும். சில நேரம் அடிப்படைக் கேமின் விலையையே ஒட்டி வரும். டிஎல்சி தனியாக ஆழமாக இறங்குவது அரிது. ஏற்கெனவே கேம் வைத்திருப்பவர் எப்படியும் வாங்குவார் என்று விற்பவருக்குத் தெரியும்.

அதனால் வரும் வழக்கமான கோளாறு: 300 ரூபாய்க்கு அடிப்படைக் கேமை வாங்கிவிட்டு, டிஎல்சிக்கு 1,200 கேட்கும்போது விழிப்பது. ஸ்டீமில் ‘பண்டில்’ என்று போட்டிருந்தால் பிழைத்தீர்கள். அதில் உங்களிடம் இருப்பதைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் பணம் வாங்கும், பண்டில் தள்ளுபடியும் சேல் தள்ளுபடியின் மேல் ஏறும். 1,000 ரூபாய் கேமும் 500 ரூபாய் டிஎல்சியும் பாதி விலையில் 750. பண்டிலுக்கு 10 சதவீதம் என்றால் 675. கேம் முன்பே இருந்தால் 225 மட்டும். தனி எடிஷனாகவோ ‘பேக்’காகவோ விற்றால் இந்தக் கழிவு கிடைக்காது, இருப்பதற்கும் சேர்த்தே கட்ட வேண்டும்.

டிஸ்க் வேறு கணக்கு

டிஜிட்டல் விலையை நிறுவனம் முடிவு செய்கிறது. டிஸ்க் விலையைக் கடைக்காரரின் அலமாரி முடிவு செய்கிறது. அதிகமாக வாங்கி அடுக்கிவிட்டு விற்காமல் போனால் அவர் குறைத்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் பிஎஸ்5-ல் சோனியின் பெரிய கேம் டிஜிட்டலில் 4,999 ரூபாயிலேயே நிற்கும்போது டிஸ்க் பல மாதம் முன்பே இறங்கிவிடுகிறது. ‘சைபர்பங்க்’ 2020 டிசம்பரில் பிழைகளோடு வந்து, ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்தே நீக்கப்பட்டபோது முதலில் சரிந்தது டிஸ்க் விலைதான்.

மறுவிற்பனையும் சேர்ந்தால் கணக்கு மாறும். 4,999-க்கு வாங்கி மூன்று வாரத்தில் முடித்து 3,500-க்கு விற்றால் உங்கள் செலவு 1,499. டிஜிட்டலில் அந்த விலை வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். ஆனால் முதல் மாதம் முடிவதற்குள் விற்க வேண்டும். எல்லோரும் முடித்துவிட்டு விற்க வரும்போது செகண்ட் ஹேண்ட் விலை சட்டென்று விழும். நிண்டெண்டோ கார்ட்ரிட்ஜில் இந்தப் பதற்றமே இல்லை. புதிய விலை இறங்காததால் பழையதும் இறங்காது.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய கீறல் பெரும்பாலும் பரவாயில்லை, வட்டப்பாதையிலேயே ஓடும் கீறல் ஆபத்து. பெட்டிக்குள் டிஎல்சி கோட் இருந்தால் அது பயன்படுத்தப்பட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு டிஸ்க் ஓடும், ஆனால் டிஎல்சி அந்த டிஸ்க்கின் பிராந்தியத்துக் கணக்கில் வாங்கினால்தான் வேலை செய்யும். மலிவாகக் கிடைத்தது என்று அமெரிக்க டிஸ்க்கை வாங்கி இந்தியக் கணக்கில் டிஎல்சி வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. பிஎஸ்4 டிஸ்க்கைக் கொண்டு பிஎஸ்5 பதிப்புக்கு மேம்படுத்தினால் ஒவ்வொரு முறையும் டிஸ்க் டிரைவில் இருக்க வேண்டும், டிரைவ் இல்லாத கன்சோலுக்கு அது உதவாது. ஸ்விட்ச் 2-ல் வரும் கேம்-கீ கார்டில் கேமே இருக்காது. செருகியதும் டவுன்லோடு செய்ய வேண்டும், ஆனால் மறுவிற்பனை செய்யலாம்.

பொறுத்தால் காணாமல் போகும் கேம்கள்

கார், இசை, விளையாட்டு அணி என்று உரிமம் வாங்கிச் செய்த கேம்களுக்குக் காலாவதி உண்டு. ‘ஃபோர்சா ஹொரைசன் 4’ 2024 டிசம்பர் 15-ல் எல்லா ஸ்டோர்களிலிருந்தும் போய்விட்டது. பழைய ஃபிஃபா கேம்கள் எஃப்சி 24 வந்த சமயத்தில் நீக்கப்பட்டன. வழக்கமாக நீக்கும் தேதியை முன்பே அறிவித்து, கடைசியாக ஒரு ஆழமான தள்ளுபடி போடுவார்கள். அதுதான் வாங்கும் நேரம். அதற்குப் பின் டிஸ்க்கும் மிஞ்சிய கீகளும் மட்டுமே, அவற்றின் விலை ஏறுமுகம்.

ரீமாஸ்டர், அதாவது பழைய கேமை மெருகேற்றி மறுபடி வெளியிடும் செய்தி கசிந்தாலும் உஷாராகுங்கள். 2024-ல் ‘ஹொரைசன் ஜீரோ டான்’ ரீமாஸ்டர் வருவதற்குச் சற்று முன் பிளேஸ்டேஷன் ஸ்டோரில் பழைய பதிப்பின் விலை 20 டாலரிலிருந்து 40 ஆனது. பழையது வைத்திருந்தவர்களுக்கு ரீமாஸ்டர் 10 டாலர்தான். மலிவாக வாங்கிப் பத்து கொடுத்து மேம்படுத்தும் சந்தை வந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அந்த ஏற்றத்துக்கு வேறு காரணம் தெரியவில்லை. 2021-ல் ரீமாஸ்டர் தொகுப்பு வருவதற்கு முன் பழைய ஜிடிஏ மூன்று பாகங்களும் ஸ்டோரிலிருந்து மறைந்தன.

மலிவு என்று மாட்டிக்கொள்ளும் இடங்கள்

ஸ்டோருக்கு வெளியே கீ (கேமை உங்கள் கணக்கில் சேர்க்கும் குறியீடு) விற்கும் சந்தைகளில் விலை எப்போதும் குறைவாகத் தெரியும். அங்கே விற்பவர் தளம் அல்ல, யாரோ ஒரு தனியாள். ஃபாக்டோரியோவை உருவாக்கிய வூப் நிறுவனம் புகார் கொடுத்து, ஜி2ஏ தளத்தில் விற்கப்பட்ட 198 கீகள் திருட்டுக் கீகள் என்று 2020-ல் உறுதியாகி, அந்தத் தளம் 39,600 டாலர் கட்டியது. திருட்டு கார்டில் வாங்கிய கீ என்று தெரிந்தால் உங்கள் லைப்ரரியிலிருந்து கேம் பறிபோகும். ஹம்பிள் பண்டில் போன்ற அங்கீகாரம் பெற்ற கடைகளில் வாங்குங்கள். இஸ்-தேர்-எனி-டீல் பட்டியலிடுவது அங்கீகாரம் பெற்ற கடைகளை மட்டுமே என்பது அதன் பெரிய வசதி.

விபிஎன் போட்டு நாடு மாற்றி வாங்கும் தந்திரம் செத்துவிட்டது. ஸ்டீமில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் நாடு மாற்ற முடியும், அந்நாட்டுக் கார்டும் வேண்டும். எல்லோரும் ஓடிய அர்ஜென்டினாவும் துருக்கியும் 2023 நவம்பரில் டாலருக்கு மாற்றப்பட்டுவிட்டன. ரூபாய் விலையே இன்றும் உலகின் மலிவான பட்டியலில் இருக்கும் கேம்கள் ஏராளம்.

வாங்கிய மறுநாள் விலை இறங்கினால்

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். சேலுக்குச் சற்று முன் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சேல் விலையில் மறுபடி வாங்குவதைத் தவறான பயன்பாடாகக் கருத மாட்டோம் என்று வால்வ் தன் விதியிலேயே எழுதியிருக்கிறது. உதவிப் பக்கத்தில் கேமைத் தேர்ந்தெடுத்துப் பணத்தை ஸ்டீம் வாலட்டுக்கே கேளுங்கள், வங்கிக்குக் கேட்டால் வந்து சேர நாளாகும், சேல் முடிந்துவிடலாம். மற்ற பிசி கடைகளில், எபிக்கிலும் 14 நாள், இரண்டு மணி நேரம். ஜிஓஜியில் 30 நாள், ஆடியிருந்தாலும் கேட்கலாம். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோடு தொடங்கியிருக்கக் கூடாது. வாங்கியதும் தானாக டவுன்லோடு ஆகும் அமைப்பை கன்சோலில் அணைத்துவைப்பது இதற்காகத்தான். நிண்டெண்டோ இ-ஷாப்பில் வாங்கினால் வாங்கியதுதான்.